க்ளோவிஸ் துவைத்த வடிகட்டி

1.

இந்தக் கதை ஒரு சோப்பிலிருந்து வந்தது. இதைவிட உயர்வான காரணம் எதையும் நான் சொன்னால் நம்பாதீர்கள். கியூபெக்கில் எங்கள் ஊரில், மேப்பிள் மரங்களில் சாறு இறங்கத் தொடங்கிய முதல் வாரத்தில், ஒருவர் அந்தச் சாற்றைக் காய்ச்சி எடுக்கும் பாகை வடிகட்டும் கம்பளியைச் சோப்புப் போட்டுத் துவைத்துவிட்டார்.

அந்த ஒருவருக்கு க்ளோவிஸ் என்று பெயர் வைத்திருக்கிறேன். வயது அறுபத்திரண்டு. மொன்றியலில் ஒரு ஹோட்டலின் சலவைப் பிரிவில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போன இலையுதிர் காலத்தில் யுகெட்டைக் கல்யாணம் செய்துகொண்டு அவளுடைய பாகுக் கொட்டகைக்கு வந்து சேர்ந்தார். இனி தொடக்கம்.

அன்று காலை பனி உருகத் தொடங்கியிருந்தது, அதோடு யுகெட்டின் மனமும்

(வேண்டாம். யுகெட்டின் மனம் உருகினால் வேடிக்கை பார்க்க ஊரே திரண்டு வரும்.)

சாற்று வாளியில் ஓர் அந்துப்பூச்சி மிதந்தது. அது யாரென்று

(இதுவும் வேண்டாம். பூச்சிக்கெல்லாம் வாழ்க்கை வரலாறு எழுத எனக்கு இடமில்லை.)

க்ளோவிஸ் வடிகட்டியை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தார்.

இது சரி. இதையே வைத்துக்கொள்கிறேன்.

2.

க்ளோவிஸ் வடிகட்டியை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். தலைகீழாகத் தொங்கும் குல்லாயைப் போன்ற கூம்பு அது. கெட்டிக் கம்பளி. ஒரு காலத்தில் வெள்ளையாக இருந்திருக்க வேண்டும். இப்போது தேநீர் கொட்டிய மேசைவிரிப்பின் நிறம். பக்கத்தில் மாற்றுக்கு வைத்திருந்த இன்னொன்றும் அதே கதிதான்.

சுத்தத்தில் யுகெட்டைக் குறை சொல்ல முடியாது. வாளிக்கெல்லாம் மூடி. சாறு தொட்டிக்குள் இறங்கும் முன்பே மெல்லிய துணியில் ஒருமுறை வடியும். பட்டைத்தூளும் பூச்சியும் அங்கேயே நின்றுவிடும். காய்ச்சிப் பதம் வந்ததும், கொதிக்கக் கொதிக்கக் கம்பளியில் ஊற்றுவாள். பாகில் மணல்போல் திரளும் கசடு அதில் தங்கிவிடும். அப்படி வடித்த பாகைப் புட்டியில் பிடித்தால் மறுபக்கம் செய்தித்தாள் படிக்கலாம்.

(குறிப்பு: கம்பளி வடிகட்டியை வெந்நீரில் மட்டுமே அலசுவார்கள். சோப்பு கூடாது, முறுக்கிப் பிழியக் கூடாது. கம்பளி வாசனையைக் குடித்து வைத்துக்கொண்டு அடுத்த பாகுக்குக் கொடுத்துவிடும். இது எங்கள் ஊரில் எல்லாருக்கும் தெரியும். எல்லாருக்கும் தெரிந்ததால் யாரும் யாருக்கும் சொன்னதில்லை.)

முப்பத்தொரு வருடம் வெள்ளைத் துணிகளோடு வாழ்ந்த மனிதரால் அந்த நிறத்தைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. புது மனைவிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று அவருக்கு ஒரே ஆசை. இரண்டு கம்பளிகளையும் பூ மணக்கும் லாவண்டர் சோப்பில் ஊறவைத்தார். கசக்கினார். முறுக்கிப் பிழிந்தார். காய்ந்ததும், சொல்லவே கூச்சமாக இருக்கிறது, இஸ்திரி போட்டார். கால்சட்டைக்கு விழுவதுபோல் நேர்மடிப்பு விழுந்தது. அதைப் பார்த்து அவரே கொஞ்ச நேரம் ரசித்துக்கொண்டு நின்றார்.

3.

வெள்ளிக்கிழமை யுகெட் முதல் பாகு காய்ச்சினாள். முதல் பாகுதான் வெளிர் நிறத்தில் வரும். நாள் ஆக ஆகக் கறுக்கும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோயில் மண்டபத்தில் நடக்கும் போட்டிக்கு வெளிர்பாகுதான் செல்லும். பதினோரு வருடமாக முதல் பரிசு அவளுடைய அண்ணன் மனைவி ஸெலியாவுக்கு. இரண்டாம் பரிசு யுகெட்டுக்கு. இந்த வருடம் சாறு அவ்வளவு தெளிவாக இறங்கியிருந்ததால், தான் ஜெயித்துவிடுவோம் என்று அவள் உறுதியாக நம்பினாள்.

ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தாள். இன்னொரு கரண்டி எடுத்தாள்.

"என்னங்க, எங்க சித்தியோட துணி அலமாரிய நக்குன மாதிரி இருக்கு."

க்ளோவிஸுக்கு நக்கவே வேண்டியிருக்கவில்லை. அந்த ஆவி மூக்கில் ஏறியதுமே தெரிந்துவிட்டது.

"சூடு கொஞ்சம் கூடிருச்சோ என்னமோ" என்றார்.

"சூடு கூடினா கருகும். பூ பூக்குமா?" யுகெட் கரண்டியை வைத்தாள். "எனக்குத் தெரியும் இது யாரு வேலைன்னு. வியாழக்கிழமை எங்க அண்ணி வந்து இந்தத் தொட்டிமேல குனிஞ்சு குனிஞ்சு பாத்தாங்க. மேலெல்லாம் செண்டு. வேணும்னே எதையோ ஊத்தியிருக்காங்க. ஞாயித்துக்கிழமை மண்டபத்துல, எல்லார் முன்னாடியும், மைக்க புடுங்கிக் கேக்குறேன்."

க்ளோவிஸ் வாயைத் திறந்தார்.

4.

திறந்த வாயோடு அவரை அரைமணி நேரமாக நிற்க வைத்திருக்கிறேன். பாவம்.

முதல் முடிவு: அவர் உண்மையைச் சொல்கிறார், யுகெட் கட்டிப்பிடிக்கிறாள். (யுகெட்டை நீங்கள் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன். நடக்காது.)

இரண்டாவது: நடுவர்கள் லாவண்டர் பாகைச் சுவைத்து, புதுமை என்று கொண்டாடிப் பரிசு கொடுத்துவிடுகிறார்கள். (எங்கள் ஊர் நடுவர்கள் மூவருக்கும் சேர்த்து இருநூற்று முப்பது வயது. புதுமை என்றால் எழுந்து போய்விடுவார்கள்.)

மூன்றாவது: க்ளோவிஸ் வாயை மூடிக்கொள்கிறார். ஞாயிறு வருகிறது. ஒரு தவறும் செய்யாத ஸெலியா, பேரப்பிள்ளைகள் பார்க்க, மண்டபத்தின் நடுவில் தலைகுனிந்து

இதை எழுத என் கை வரவில்லை. ஏன் வரவில்லை என்பதையும் இப்போது சொல்லிவிட வேண்டும்.

5.

க்ளோவிஸ் என்று யாரும் இல்லை.

யுகெட் இருக்கிறாள். ஸெலியா இருக்கிறாள். இன்று சனிக்கிழமை, மதியம் மூன்று மணி. யுகெட் கீழே சமையலறையில், நாளை மைக்கில் கேட்க வேண்டியதைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். எனக்குக் கேட்கிறது. அவள் வீட்டு மாடியில் பதினெட்டு வருடமாகக் குடியிருக்கிறேன். பதினேழு வசந்தத்தில் அவள் என்னை அடுப்புக்கு விறகு போட மட்டும்தான் விட்டாள். இந்த வருடம்தான் முதன்முறையாக வடிகட்டிகளை என் கையில் கொடுத்து, "பாத்துக்க தம்பி" என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில் ஓடிப்போய் என் லாவண்டர் சோப்பை எடுத்தேன்.

ஒரு மனிதன் இதை எப்படி ஒப்புக்கொள்வான் என்று தெரிந்துகொள்ளத்தான் க்ளோவிஸை உண்டாக்கினேன். அவருக்கு வயதையும் வேலையையும் மனைவியையும் கொடுத்தேன். அவரானால் என்னைவிடப் பெரிய கோழையாக இருக்கிறார்.

6.

(இதற்குமேல் எழுதுவது எதுவும் நான் யோசித்து எழுதுவதல்ல. நடப்பதை எழுதுகிறேன்.)

யுகெட் மாடியேறி வந்தாள். "என்னப்பா தனியா சிரிச்சுக்கிட்டிருக்க?"

"கதை எழுதுறேன்க்கா."

"யாரப் பத்தி?"

"உங்களப் பத்தி."

"படி."

அவளுடைய பிரெஞ்சு மொழியில் மாற்றிச் சொல்லிக்கொண்டே படித்தேன். வாளி மூடி வந்த இடத்தில் பெருமையாகத் தலையாட்டினாள். இஸ்திரி வந்ததும் கட்டிலில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணைத் துடைத்தபடி, "அந்தக் க்ளோவிஸு சரியான மண்டு. எவளாவது அவனக் கட்டுவாளா?" என்றாள்.

ஐந்தாம் பகுதியைப் படிக்காமல் தாளைத் திருப்பினேன். அவள் சிரிப்பு நின்றது. என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்து முகர்ந்து பார்த்தாள். நான் துவைக்கிற எல்லாவற்றுக்கும் ஒரே சோப்புதான்.

"ரெண்டையுமா?" என்றாள்.

"ரெண்டையும்தான்க்கா."

"இஸ்திரியும் போட்டியா?"

"போட்டேன்க்கா."

இந்த முறை அவள் சிரிக்கவில்லை. ஜன்னல் வழியாகத் தொட்டியைப் பார்த்தாள். நேற்றும் இன்றும் இறங்கிய சாறு அதில் நிறைந்து கிடந்தது. இப்போது அடுப்பை மூட்டினால் சாயங்காலத்துக்குள் வெளிர்பாகு இன்னொரு முறை வந்துவிடும். வடிக்கத்தான் கம்பளி இல்லை. கம்பளி விற்கும் கடை சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கே மூடிவிடும். ஊரில் சும்மா தொங்கிக்கொண்டிருக்கும் சுத்தமான கம்பளி ஒன்றே ஒன்று. அது ஸெலியாவின் கொட்டகையில் இருந்தது.

"நாளைக்கு அவங்க மானத்த வாங்கலாம்னு இருந்தேன்" என்றாள் யுகெட். "இப்ப அவங்ககிட்டயே போய் நிக்கணும். நான் நிக்க மாட்டேன். நீ நில்லு. கம்பளி எதுக்கு வேணும்னு முழுசா சொல்லு. இஸ்திரியவும் சேத்துச் சொல்லு."

ஸெலியாவின் எண்ணை அழுத்தி, போனை என் கையில் திணித்தாள். கையைக் கட்டிக்கொண்டு எதிரில் நின்றாள்.

மணி அடிக்கிறது. க்ளோவிஸுக்காக மூன்று முடிவு எழுதிப் பார்த்தேன். ஒன்றுகூட இந்தப் போனுக்கு உதவாது. வாசகரே, உங்களுக்கு நல்ல வாக்கியம் ஏதாவது தோன்றினால் இப்போதே சொல்லுங்கள். பிறகு ஸெலியா கம்பளியைக் கொடுத்தாளா இல்லையா என்பதையும் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

"அலோ, யாரு?"

"ஸெலியாக்கா, நான்தான். யுகெட்டக்கா வீட்டு மாடி. ஒண்ணுமில்ல, அந்த வடிகட்டிய நான்