மதினியின் கையில் ஒன்பது புள்ளிகள்

எங்கள் அண்ணனின் மனைவி வீரலட்சுமி மதினி, போடியில் சௌந்தரபாண்டியன் ஏலக்காய்க் கிட்டங்கியில் காய் பிரிப்பவள். பதினோரு வருடமாக இதே வேலை. ஏழு மில்லிமீட்டர் காய் எது, எட்டு மில்லிக் காய் எது என்று அவள் விரலே பிரித்துப் போட்டுவிடும். சல்லடை பின்னால் வந்து ஆமோதிக்கும்.

ஆறு மாதமாக அவளுக்குத் தும்மல். பிரித்து வைத்த காயெல்லாம் மறுபடி ஒன்றாகக் கலந்துவிடுகிற அளவுக்குத் தும்மல்.

"காய் ஒத்துக்கலைன்னா வேற சோலி பாத்துக்க ஆத்தா. ஒடம்பு முக்கியம்ல" என்றார் முதலாளி, நல்ல மனசோடு. அந்த நல்ல மனசுதான் மதினியைத் தூங்கவிடவில்லை. வேறு சோலி அவளுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் விருப்பமில்லை.

அலர்ஜி டாக்டர் தேவகிருபை வியாழக்கிழமைதோறும் தேனியிலிருந்து போடிக்கு வருகிறவர். துணைக்கு நான் போனேன். கல்லூரியில் படிப்பவனுக்கு எல்லா நோயும் புரியும் என்பது எங்கள் வீட்டின் நம்பிக்கை. தோல் சோதனைக்கு முன் ஒரு வாரம் தும்மல் மாத்திரை போடக்கூடாது என்று முன்பே சொல்லியிருந்தார்கள்.

டாக்டர் மதினியின் கையில் பேனாவால் ஒன்பது எண்கள் எழுதினார். ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு சொட்டு, அதன்மேல் சின்னதாக ஒரு குத்து. கால் மணி நேரம் காத்திருந்தோம். கையில் எதுவுமே வீங்கவில்லை. மதினி முகத்தில் வெற்றிக்களை.

டாக்டர் முதல் புள்ளியை மட்டும் பார்த்தார்.

"இதுல வச்சது ஹிஸ்டமின். யார் கையில வச்சாலும் வீங்கணும். உங்களுக்கு வீங்கல. மாத்திரை போட்டீங்களா?"

மதினி மின்விசிறியைப் பார்த்தாள். "நேத்து ஒண்ணு. காலையில ஒண்ணு."

"ஏம்மா?"

"வீங்குச்சுன்னா பெயிலாயிருவேன்ல டாக்டர்."

மூன்று வருடமாக நானும் பரீட்சை எழுதுகிறேன். காப்பியடித்தவரைத் தானே காட்டிக்கொடுக்கும் கேள்வித்தாளை அன்றுதான் பார்த்தேன். மனசுக்குள் எழுந்து நின்று மரியாதை செய்தேன்.

"ரத்தச் சோதனைக்கு மாத்திரை இடைஞ்சல் இல்ல" என்று டாக்டர் ரத்தம் எடுத்து மதுரைக்கு அனுப்பினார். "அடுத்த வாரம் மாத்திரை போடாம வாங்க. நீங்க பிரிக்கிற காயும் கொஞ்சம் கொண்டாங்க."

மாத்திரை இல்லாத தும்மலுக்குப் பயந்து, அந்த ஏழு நாளும் அண்ணன் வீட்டில் சோற்றுத் தட்டை மூடி வைத்தே சாப்பிட்டார்கள். நடுவில் ரத்த முடிவு வந்தது. தூசிப்பூச்சி: ஒன்பது. ஏலக்காய்: பூச்சியம் புள்ளி ஆறு, பக்கத்தில் 'லேசாக உண்டு' என்று ஒரு குறிப்பு. மதினி ஏலக்காய் வரியைத் தவிர வேறெதையும் படிக்கவில்லை.

"பாத்தியா தம்பி, ரத்தமே சொல்லிருச்சு. என் சோலி முடிஞ்சுச்சு."

வியாழக்கிழமை அதையே டாக்டரிடமும் சொன்னாள்.

"ஒங்க ஒடம்புக்கு ஏலக்காயைத் தெரியும்னு ரத்தம் சொல்லுது. சண்டை போடுதுன்னு சொல்லலையே. தெருவுல தெரிஞ்சவுக எல்லார்கூடயுமா சண்டை போடுறீங்க?"

"பாதிப்பேரு கூட" என்றாள் மதினி.

"போடிமெட்டுத் தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போனா தும்மல் வருமா? பாயாசம் குடிச்சா?"

"ம்ஹூம். கிட்டங்கியில சாக்கு ஒதறும்போதுதான்."

"சரி, காயை எடுங்க."

மதினி பொட்டலத்தைப் பிரித்தாள். பச்சைப் பசேலென்று எல்லாம் எட்டு மில்லி. "பொண்ணு பாக்க வந்த மாதிரில்ல கொண்டாந்திருக்கீங்க" என்றபடி டாக்டர் ஒரு காயைப் பொடித்து, உப்புநீர் விட்டுக் குழைத்து, போன வாரத்து ஒன்பதையும் மறுபடி குத்தி, அதற்கும் ஒரு புள்ளி வைத்தார்.

கால் மணி நேரத்தில் முதல் புள்ளி ஒழுங்காக வீங்கியது. தூசிப்பூச்சிப் புள்ளி கொசுக்கடி போலத் தடித்தது. டாக்டர் ஸ்கேலைத் தேடினார்.

"ஆறரை மில்லி" என்றாள் மதினி.

டாக்டர் அளந்து பார்த்தார். ஆறரை. இன்னொரு தடவையும் அளந்தார். "மூணு வந்தாலே கணக்குல எடுப்போம்" என்று எழுதிக்கொண்டவர், மதினியின் கண்ணைத்தான் கொஞ்ச நேரம் பார்த்தார். எனக்கு யாரைப் பாராட்டுவது என்று குழப்பமாகிவிட்டது.

"ஏலக்காய் எங்க டாக்டர்?" மதினியின் குரல் இறங்கிவிட்டது.

டாக்டர் அந்த இடத்தைத் தடவிப் பார்த்தார். சமதளம். "ஒண்ணுமில்லம்மா. தோலும் நீங்க சொன்னதும் ஒத்துப்போகுது. பழைய சாக்குத் தூசியில இருக்கற பூச்சிதான் ஒங்களுக்கு ஆகல. மூக்குக்கு மருந்து தர்றேன், மாஸ்க் போட்டுக்கங்க. காயைத் தாராளமாப் பிரிங்க."

அங்கிருந்து நேராகக் கிட்டங்கிக்குப் போனோம். முதலாளி கல்லாவிலிருந்து நிமிர்ந்தார். "காய்தானே ஆத்தா?"

"காய் இல்லண்ணே. சாக்கு."

அவர் நம்பவில்லை. மதினி கையை நீட்டினாள். அவர் கண்ணாடியை இறக்கி, ஏலத்தில் மாதிரிக் காயைப் பார்ப்பதுபோலத் தடிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பழைய சாக்கை ஒழிக்கச் சொல்ற."

"ஆமாண்ணே. புதுசையும் வெளிய வச்சு ஒதறச் சொல்லுங்க."

"இதக் கேக்கத்தான் ரெண்டு வியாழக்கெழம லீவாக்கும். போயி உக்காரு, வெரசா. லோடு நிக்குது."

மதினி மாஸ்க்கை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து தட்டை இழுத்தாள். திட்டு வாங்கிவிட்டு இவ்வளவு சந்தோஷமாக இருந்த ஒருத்தரை நான் பார்த்ததில்லை.