பிணங்களுக்குப் பொறுப்பு

சீயக்காய் போட்டுத் தேய்த்தாகிவிட்டது, சோப்பும் அரைக்கட்டி கரைந்துவிட்டது. நல்லகாமனின் கழுத்தில் இருந்த ரத்தம் மட்டும் போகவில்லை. வாசலில் இரண்டு சேலைகளை மறைப்பாகப் பிடித்துக்கொண்டு ஆண்கள் அவரைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். நீர்மாலைக்குப் போய்க் கொண்டுவந்த தண்ணீர் சேலைக்கு அடியில் சிவப்பாக ஓடி வந்து தெருவில் இறங்கியதும், ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் பாட்டை நிறுத்திவிட்டார்கள்.

"நெஞ்சுவலின்னுதான சொன்னீக? இம்புட்டு ரத்தம் ஓடுது?" என்று ஒருத்தி கேட்டாள்.

மறைப்புக்கு மேலே தம்பி செல்வக்குமாரின் தலை தெரிந்தது. "அக்கா, போக மாட்டேங்குதுக்கா."

"தண்ணி ஊத்தாத. மொதல்ல தேங்கா எண்ணெயத் தேயி. பஞ்சு வச்சுத் தொடச்சுட்டு அப்பறம் ஷாம்பூ போடு" என்றாள் முத்துமீனா.

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. இதே வார்த்தைகளை, இதே குரலில், பதினெட்டு நாளாகத் தினமும் சாயங்காலம் நாற்பது பேரிடம் சொல்லிக்கொண்டிருந்தாள். சொந்த அப்பனுக்கும் அதே குரல்தான் வாயில் வந்து நின்றது.

அது சர்க்கரைப் பாகில் சாயம் கலந்த சினிமா ரத்தம். காலையில் பார்த்தபோது ஐஸ் பெட்டியின் ரப்பர் விளிம்பில் எறும்பு வரிசை கட்டியிருந்தது. அன்னக்கொடி முந்தானையால் அவற்றைத் தட்டிவிட்டுக்கொண்டே, "இனிப்புன்னா உசுரை விடுவாரே, டாக்டரு கூடாதுன்னு சொல்லியும் கேக்க மாட்டாரே" என்று அழுதாள். எறும்புக்கு என்ன காரணம் என்று அம்மாவிடம் யாரும் சொல்லவில்லை.

படம் முதல் உலகப்போர் காலத்துக் கதை. வெள்ளைக்காரனுக்காக மதுரைப் பக்கத்திலிருந்து மெசபடோமியாவுக்குச் சண்டைக்குப் போன ஆட்களைப் பற்றியது. மெசபடோமியாவுக்குப் போகத் தயாரிப்பாளரிடம் வசதியில்லாததால் டி. கல்லுப்பட்டிக்குப் போகிற வழியில் ஒரு கரிசல் காட்டைப் பிடித்துப் பதுங்குகுழி வெட்டினார்கள். சித்திரை வெயில் மட்டும் இரண்டு ஊருக்கும் பொருத்தமாக அமைந்துவிட்டது. முத்துமீனா உதவி இயக்குநர். நாலு உதவியாளர்களில் கடைசி ஆள் என்பதால் அவளுக்குக் கொடுத்த வேலை பிணங்கள். எந்தப் பிணம் எங்கே கிடக்கவேண்டும், எதன் கால் மடங்கியிருக்கவேண்டும், எதற்கு எவ்வளவு ரத்தம் என்பதெல்லாம் அவள் பொறுப்பு. முக்கியமாக, பிணம் அசையக்கூடாது.

அரசுப் பேருந்தில் முப்பது வருடம் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்ற நல்லகாமனுக்கு மகள் சினிமாவுக்குப் போனது பிடிக்கவில்லை. பேங்க் பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று போனவள் கேமராவோடு திரும்பி வந்தால் எந்தத் தகப்பனுக்குப் பிடிக்கும்? ஒன்றரை வருடம் அவளோடு நேராகப் பேசவில்லை. "அவ சாப்பிட்டாளான்னு கேளு" என்று அன்னக்கொடி வழியாகத்தான் விசாரணை நடக்கும். படப்பிடிப்பு இந்தப் பக்கம் வந்ததால் முத்துமீனா வில்லாபுரத்து வீட்டிலேயே தங்கி, விடிவதற்கு முன் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தாள். அதைப் பதினேழு நாள் பார்த்த மனுஷன் பதினெட்டாம் நாள், அவள் மறந்து வைத்துவிட்டுப் போன மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு மொபெட்டில் அத்தனை தூரம் போய்விட்டார். அது நேற்று.

இயக்குநர் சிவராம் அவரைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டான். "யாரு இவரு? மூணு நாளா இந்த முகத்தைத்தானே தேடிட்டிருக்கேன்!"

முத்துமீனாவுக்கு அந்த முகத்தைத் தானே செய்து கொண்டுவந்ததுபோலப் பெருமை தாங்கவில்லை. அப்பாவுக்கு இரண்டு வருடத்துக்கு முன்பு நெஞ்சில் அடைப்பு எடுத்தது அவளுக்குத் தெரியும். வெயிலில் அலையக்கூடாது என்று டாக்டர் சொன்னதும் தெரியும். "ஒரே ஷாட்டுதாம்ப்பா. சும்மா படுத்துக் கெடக்குறதுதான்" என்றாள்.

"படுத்துக் கெடக்குறதுக்கெல்லாம் ஆளு வேணுமா மேடம்?" என்று கேட்டார் நல்லகாமன். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு அப்பா அவளிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு. அந்த 'மேடம்' ஒன்றுக்காக அவரை இன்னும் பத்துத் தடவை சாகச் சொல்லியிருப்பாள்.

முதல் டேக்கில் புகை அதிகமாகிவிட்டது. இரண்டாவதில் ஒரு பிணம் தும்மியது. மூன்றாவதில் இன்னொரு பிணத்தின் இடுப்பிலிருந்து செல்போன் அடித்தது. வெளிச்சம் மாறிக்கொண்டிருந்தது. சிவராம் எல்லோர் முன்னாலும் முத்துமீனாவைப் பார்த்து, "நாற்பது பேரைச் சும்மா படுக்க வைக்கத் தெரியலை, நீயெல்லாம் எதுக்கு வந்தே?" என்று கத்தினான். அப்பா தரையில் கிடந்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது.

நாலாவது டேக்கில் எல்லாம் சரியாக வந்தது. அப்பாவின் கைதான் மெல்ல எழும்பியது. முத்துமீனா மானிட்டரில்தான் அதைப் பார்த்தாள், தரையைப் பார்க்கவில்லை. சத்தத்தையெல்லாம் பிறகுதான் சேர்ப்பார்கள் என்பதால் ஷாட் ஓடும்போது கத்தலாம். மெகாபோனை எடுத்துக் கத்தினாள். கை இறங்கிவிட்டது. சொன்ன பேச்சைக் கேட்கும் மனுஷன். அதன் பிறகு அந்த முகம் அசையவே இல்லை. சிவராம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தான். "கட்" சொன்னதும் கைதட்டினான். முத்துமீனா அட்டையில் 'டேக் 4, ஓகே' என்று எழுதினாள்.

முப்பத்தொன்பது பிணங்கள் மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்து டீ குடிக்கப் போயின. ஒன்று எழவில்லை.

குளிப்பாட்டி, கோடி போர்த்தி, நெற்றியில் காசு வைத்து நல்லகாமனைப் பந்தலுக்குக் கொண்டுவந்தார்கள். எண்ணெய்க்கும் ஷாம்பூவுக்கும் அசையாமல் காது மடலுக்குப் பின்னால் கொஞ்சம் சிவப்பு மிஞ்சியிருந்தது. தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் கட்டியாயிற்று. வீட்டில் தேடிய அவசரத்துக்கு நல்ல போட்டோ சிக்காததால், அக்காவின் போனிலிருந்து நேற்று சிப்பாய் வேஷத்தில் எடுத்த படத்தைச் செல்வக்குமார் ஃபிளெக்ஸ் கடைக்கு அனுப்பியிருந்தான். காக்கி உடையும் தொப்பியுமாக இருந்த படத்தைப் பார்த்த கடைக்காரன், தன் பங்குக்குப் பின்னால் தேசியக் கொடியைப் பறக்கவிட்டுவிட்டான். அந்த வழியே பைக்கில் போன ஒருவர் இறங்கி வந்து, விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். "எந்த எல்லையில இருந்தாரு?" என்று கேட்டார்.

"திருமங்கலம் ரூட்டுல" என்றார் அன்னக்கொடியின் தம்பி பேயாண்டி. அவர் ஒளிவுமறைவு அறியாதவர்.

பன்னிரண்டு மணிவாக்கில் சிவராம் வந்தான். ரோஜா மாலை போட்டுவிட்டு, கையில் டேப்லெட்டோடு முத்துமீனாவின் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"இதை இப்பப் பேசக்கூடாது" என்று சொல்லிவிட்டுப் பேசினான். "அந்த ஷாட்டை வச்சுக்கவா, தூக்கிடவா? நீ சொன்னா தூக்கிடுறேன்."

அவன் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை.

"நான் பத்து வருஷம் தவம் கிடந்தாலும் இனி அப்படி ஒண்ணு அமையாது மீனா. கேமரா தரையோட தரையாப் போகுதுல்ல, பாக்குறவனும் செத்தவங்களோட படுத்துக் கிடக்குற மாதிரி ஆயிடுது. பூட்ஸு, கை, கவுந்த தண்ணிக்குப்பின்னு தாண்டித் தாண்டிப் போய், புகை விலகும்போது அவர் முகம் வருது. நிறத்தையெல்லாம் உறிஞ்சிட்டு ரத்தத்தை மட்டும் விட்டு வைப்பேன். முகம் இடது ஓரத்துல. வலது பக்கம் முழுக்க வெத்துக் கரிசல். அந்தக் காலி இடத்துல பாக்குறவன் அவனவன் வீட்டை வச்சுக்குவான். அவர் பார்வையும் அந்தப் பக்கந்தான் போகுது. அடுத்த ஷாட், கண்மாயில தண்ணி எடுக்குற பொண்டாட்டி. அவ்வளவுதான். சாகும்போது அவளைத்தான் பாத்தாருன்னு ஆயிடும்."

அதெல்லாம் அவளுக்கும் தெரிந்த வித்தைதான். ஒருவன் எதையோ பார்க்கிறான். அடுத்து எதைக் காட்டுகிறோமோ அதைத்தான் அவன் பார்த்தான் என்று சனம் நம்பிவிடும். சினிமாக்காரன் பிழைப்பே அதில்தான் ஓடுகிறது. ஆனால் நேற்று அந்தக் காலி இடத்துக்கு அப்பால், கேமராவை ஒட்டி வலப்பக்கத்தில் நின்றது யார் என்று அவளுக்குத் தெரியும். அவர் பார்த்துக்கொண்டிருந்தபோது அவள் தலையைக் குனிந்து மானிட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டேப்லெட்டைப் பார்த்துவிட்டுப் பேயாண்டி வந்தார். "தம்பி, மச்சான் நடிச்சது அதுலயா இருக்கு? போடுங்க, எல்லாரும் பாக்கட்டும்."

"வேணாம் மாமா" என்றாள் முத்துமீனா.

"நான் பாக்கணும்" என்றாள் அன்னக்கொடி. காலையிலிருந்து அழுகையைத் தவிர அவள் வாயிலிருந்து வந்த தெளிவான சொல் அதுதான். அதற்கு மேல் யாரும் மறுக்க முடியாது.

முத்துமீனா டேப்லெட்டை வாங்கினாள். கேமராவின் மைக்கில் அவள் கத்தியதும் பதிவாகியிருந்தது. ஓரத்துப் பொத்தானை அழுத்திச் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டு அம்மாவின் மடியில் வைத்தாள்.

பெண்கள் சுற்றி நெருக்கினார்கள். திரையில் பூட்ஸ் கால்கள் போயின. மண்ணில் புதைந்த கை ஒன்று போயிற்று. புகை விலகியது. நல்லகாமன் முகம் வந்ததும், "அய்யோ மகாராசா!" என்று ஒருத்தி மாரில் அடித்துக்கொண்டாள். கை எழும்பியது. இரண்டு விரல்கள் நீண்டிருந்தன. பிறகு பொசுக்கென்று இறங்கிவிட்டது.

அன்னக்கொடி திரையைத் தொட்டாள். "ரெண்டு வெரலத் தூக்குனா தண்ணி கேக்குறாருன்னு அர்த்தம். பஸ்ஸுல நின்னுக்கிட்டே பழகுன கையி. கல்யாணமான நாள்லருந்து பாக்குறேன்." பிறகு நிமிர்ந்தாள். "ஏன் கையக் கீழ போட்டுட்டாரு?"

சிவராம் முந்திக்கொண்டான். "அது நடிப்பும்மா. கதையில அவர் கடைசியா வீட்டை நினைக்கிறாரு. உங்களை மாதிரி ஒரு சம்சாரம். அவங்களைப் பாத்துட்டே நிம்மதியாக் கையை விட்டுடுறாரு."

"என்னையவா பாக்குறாரு?"

"உங்களைத்தாம்மா."

அன்னக்கொடியின் முகம் அப்படியே இளகியது. இரண்டாம் தடவை ஓடவிட்டுப் பார்த்தாள். "என்னயத்தான் தேடியிருக்காரு" என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். அவள் அடுத்தவளிடம் சொன்னாள். அதற்குள் ஒருத்தி அதை வைத்து ஒப்பாரியில் ஓர் அடி கட்டிவிட்டாள். 'போர்க்களத்தில் சாஞ்சாலும் பொஞ்சாதியத் தேடுனாரே' என்று பாட்டு கிளம்பியது. அன்னக்கொடி அழுதபடியே கேட்டுக்கொண்டிருந்தாள். அந்த அழுகையில் இப்போது கொஞ்சம் கௌரவம் சேர்ந்திருந்தது. அதோடு விட்டிருந்தால் மிச்ச ஆயுசையும் அதை வைத்து ஓட்டியிருப்பாள்.

ஆனால் அவள் மகள் பக்கம் திரும்பினாள். "ஏத்தா, நீ அங்கதான நின்ன? நீ சொல்லு. என்னயத்தான பாத்தாரு?"

ஆமாம் என்று ஒரு தலையாட்டல் போதும். முத்துமீனாவால் முடியவில்லை. உண்மை பேசவேண்டும் என்ற வைராக்கியமெல்லாம் இல்லை. தனியாகச் சுமக்க முடியவில்லை; இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டியிருந்தது. அவளுக்குக் கிடைத்த இடம் அம்மாவின் மடிதான். கையை நீட்டிச் சத்தத்தைக் கூட்டினாள்.

காற்று இரைந்தது. யாரோ இருமினார்கள். கை எழும்பியது.

"அப்பா! கைய ஆட்டாதீங்க! செத்துட்டீங்க நீங்க! கையக் கீழ போடுங்க!"

கை இறங்கியது.

ஒப்பாரி நின்றுபோனது. "ஏத்தா, அது ஒங் குரலுல்ல?" என்று பேயாண்டி கேட்டார். சிவராம் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். முத்துமீனா அடிக்காகக் காத்திருந்தாள். அம்மா மயிரைப் பிடித்து இழுத்துத் தெருவில் தள்ளினால் நன்றாக இருக்கும் என்று நினைத்தாள்.

அன்னக்கொடி இன்னொரு தடவை போடச் சொன்னாள். சத்தத்தோடு முழுக்கப் பார்த்தாள். பிறகு டேப்லெட்டை முந்தானையால் துடைத்துச் சிவராமிடம் நீட்டினாள்.

"படத்துல இந்தக் குரலு வருமா தம்பி?"

"வராதும்மா. எடுத்துடுவோம்."

"எடுத்துருங்க. வயசுப்புள்ள. நாளைக்கு யாரும் ஒரு சொல்லு சொல்லிறக் கூடாது."

"அப்ப அந்த ஷாட்டு..." என்று இழுத்தான் சிவராம்.

"வச்சுக்கங்க" என்றாள்.

வெளியே கொட்டு அடிக்கத் தொடங்கியது. நேரமாகிறது என்று பேயாண்டி அவசரப்படுத்தினார். வாய்க்கரிசித் தட்டு வந்ததும் அன்னக்கொடி அதை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, தலைமாட்டில் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் தன் கையாலேயே அரிசி எடுத்துக் கொடுத்தாள். செல்வக்குமாருக்குக் கொடுக்கும்போது அவன் கன்னத்தைத் தடவினாள். தம்பிக்குக் கொடுக்கும்போது "அக்காவ விட்டுறாதடா" என்று அழுதாள். எதிர்வீட்டுக்காரியிடம்கூட இரண்டு வார்த்தை பேசினாள்.

முத்துமீனா முறை வந்தது. இரண்டு கைகளையும் குவித்து நீட்டினாள். அன்னக்கொடி ஒரு பிடி அரிசி அள்ளி, ஒன்றுகூடச் சிந்தாமல் அந்தக் கைகளில் போட்டாள். பிறகு அவளுக்குப் பின்னால் நின்றவர்களை எட்டிப் பார்த்தாள்.

"அடுத்து யாரு? வாங்க."