ஒரே பெயரில் இரண்டு பெட்டி

அந்த வீட்டில் நெட் நின்றால் முதலில் கேட்பது மாமனாரின் குரல்தான். "பெரியவளே! போச்சு!" என்று ஹாலிலிருந்து சத்தம் போடுவார். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு முகம் தெரியாத ஆட்களோடு கம்ப்யூட்டரில் செஸ் ஆடுவதுதான் அவருக்கு முழுநேர உத்தியோகம். தான் ஜெயிக்கப் போகும் நேரமாகப் பார்த்து நெட் நிற்கிறது என்பது அவருடைய நிரந்தரப் புகார். பெரியவள் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓடுவாள். அலுத்துக்கொண்டேதான் ஓடுவாள், ஆனால் அந்த ஓட்டத்தில் ஒரு குஷி இருக்கும்.

மூத்த மருமகளாக வந்து, சமையலில் பேர் வாங்க முடியாமல், வாய்ச் சாமர்த்தியத்திலும் தேறாமல், கடைசியில் அவள் பிடித்த இடம் அது. ரவுட்டர் வாங்கி வைத்தவள் அவள். வீட்டில் உள்ள ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் அதோடு இணைத்தவளும் அவள்தான். "எங்க பெரியவ கை வச்சா சரியாயிடும்" என்று மாமியார் பக்கத்து வீட்டில் பெருமையடித்ததை ஒருமுறை காதால் கேட்டிருக்கிறாள். அந்த ஒரு பேச்சுக்காக இன்னும் எத்தனை தடவை வேண்டுமானாலும் ஓடுவாள்.

அப்புறம் சின்னவள் வந்தாள்.

கொழுந்தனின் மனைவி. வரும்போதே இரண்டு லேப்டாப்போடு வந்தாள். ஆன்லைனில் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லித் தருபவள். ஒன்றில் அவள் முகம் தெரியும், மற்றொன்றில் அவள் எழுதுவது தெரியும். வந்த புதிதில், "வீடியோ திக்குது அத்தை" என்று ஒரே ஒரு தடவை சொன்னாள். அவ்வளவுதான். ஹாலில் டிவிக்கு மேலே ஜம்மென்று உட்கார்ந்திருந்த ரவுட்டரைக் கழற்றி, சின்னவளின் அறை வாசலுக்கு மேலே மாட்டச் சொல்லிவிட்டார் மாமியார். "புதுசா வந்த பொண்ணு, கிளாஸ் எடுக்கணும்ல?" என்றார். பெரியவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவளே சரி என்றிருப்பாள். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அவளுடைய அறை வீட்டின் மறுகோடி. கட்டட நிறுவனம் ஒன்றுக்கு வீட்டு வரைபடங்கள் போட்டு அனுப்புவது அவள் வேலை. ரவுட்டர் இடம் மாறிய பிறகு ஒவ்வொரு படமும் பாதி தூரம் போய் முக்கிக்கொண்டு நின்றது. ஆனால் யாரிடமாவது போய், "எனக்கு நெட் வரல" என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. டாக்டரே போய் நோயாளிகள் வரிசையில் நிற்பதா?

பரணில் பழைய ரவுட்டர் ஒன்று கிடந்தது. அதே கம்பெனியுடையது. அதைத் துடைத்து எடுத்து, தன் துணி அலமாரிக்குள் மடித்த போர்வைகளுக்குப் பின்னால் வைத்தாள். வீட்டு ரவுட்டரிலிருந்து எப்போதோ அந்த அறைக்கு இழுத்துவிட்டு உபயோகிக்காமல் விட்ட கேபிளை அதில் செருகினாள். பெயரும் பாஸ்வேர்டும் வீட்டு ரவுட்டருக்கு உள்ளதையே வைத்தாள். வேறு பெயர் வைத்தால் எல்லார் போனிலும் தெரியுமே! "இது என்ன புதுசா இருக்கு?" என்று சின்னவள் வந்து நிற்பாளே! வேலை செய்யும்போது மட்டும் சுவிட்சைப் போடுவாள், முடிந்ததும் அணைத்துவிடுவாள். புருஷனிடம்கூட மூச்சு விடவில்லை.

அதிலிருந்துதான் வீட்டில் நெட் கண்ணாமூச்சி ஆட ஆரம்பித்தது. காலையில் இருக்கும், மத்தியானம் இருக்காது. சிக்னல் அடையாளம் முழுசாகக் காட்டும், ஒரு பக்கம்கூடத் திறக்காது. பெரியவளுக்குத் தன் அலமாரி மேல் சந்தேகம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "முன்னெல்லாம் இப்படி இல்ல. என்னமோ, இப்பதான்…" என்று இழுப்பாள். இழுத்த வாக்கியத்தை மாமியார் முடித்துக்கொள்வார்.

அன்று சாயங்காலம் சின்னவளுக்கு ஒரு முக்கியமான வகுப்பு. பெரிய பயிற்சி நிறுவனம் ஒன்று, நாலைந்து பிள்ளைகளை உட்கார வைத்து, எப்படிச் சொல்லித் தருகிறாள் என்று பார்க்கப் போகிறது. பிடித்துப்போனால் நிரந்தர வேலை. காலையிலிருந்து நெட் வந்து வந்து போனது. மாமியார் பதறிப்போய்ப் பெரியவளிடம் வந்தார்.

"சின்னவ மெஷினாலதான் இப்படி ஆகுதா? நீயே பாத்துச் சொல்லும்மா."

பெரியவளுக்கு உச்சி குளிர்ந்தது. எல்லார் முன்னாலும் நிரூபித்துவிடலாம். அவளுக்கென்று ஒரு முறை உண்டு: வீட்டில் உள்ள எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பது. எதைப் போடும்போது நெட் சாகிறதோ, அதுதான் திருடன்.

மாமனாருடைய கம்ப்யூட்டரைப் போட்டாள். நெட் வந்தது. மாமியாருடையதைப் போட்டாள், கொழுந்தனுடையதைப் போட்டாள். அசையவில்லை. சின்னவளின் முதல் லேப்டாப். அசையவில்லை. இரண்டாவது. பெரியவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பாழாய்ப்போன நெட் அப்போதும் ஜோராக ஓடியது. சின்னவள் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாளே ஒழிய, "பாத்தீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

"இனி என்னுதுதான் பாக்கி" என்று முணுமுணுத்தபடி பெரியவள் தன் அறைக்குப் போனாள். பழக்க தோஷத்தில் கை முதலில் அலமாரிக்குள் போய் சுவிட்சைத் தட்டியது. கம்ப்யூட்டரை இன்னும் தொடக்கூட இல்லை.

"போச்சு!" என்றார் ஹாலில் மாமனார்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அணைத்தாள்.

"வந்துருச்சு, வந்துருச்சு!"

பச்சை விளக்கு அணைந்த அந்தப் பெட்டியைப் பார்த்தபடி நின்றாள். ஒரே கம்பெனி. இரண்டுக்கும் பிறப்பிலேயே ஒரே உள்முகவரி. இரண்டும் ஒரே கம்பியில் இருந்துகொண்டு, 'நான்தான் வாசல், என் வழியாகத்தான் வெளியே போகணும்' என்று சொன்னால், மற்ற கம்ப்யூட்டர்கள் எதன் பேச்சைக் கேட்கும்? இது தெரியாதவளா அவள்? தெரியும். வயிற்றெரிச்சலில் அந்த ஒன்று மட்டும் மறந்துபோயிற்று.

வெளியே வந்தாள். எல்லாரும் அவள் முகத்தையே பார்த்தார்கள். மாமியார், "என்னம்மா, கண்டுபிடிச்சியா?" என்றார்.

உண்மை நாக்கு நுனிவரை வந்தது. பக்கத்தில் நின்ற சின்னவளின் அமைதியான முகத்தைப் பார்த்ததும் திரும்பிப் போய்விட்டது.

"இவளோட ரெண்டாவது மெஷின்தான் அத்தை. எல்லாம் சேந்து ஓடறப்ப தாங்கல. அத அணைச்சு வச்சா போதும்."

"சரிக்கா" என்று சின்னவள் இரண்டாவது லேப்டாப்பை மூடினாள்.

சாயங்காலம் வகுப்பு நடந்தபோது பெரியவள் கூடத்தில் துணி மடிப்பதுபோல் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். எழுதுவதற்கு இரண்டாவது மெஷின் இல்லாததால், சின்னவள் காகிதத்தில் எழுதிக் கேமராவுக்கு நேரே தூக்கிக் காட்டினாள். "மிஸ், ஒண்ணும் தெரியல" என்றது ஒரு குழந்தை. "இப்ப?" "இன்னும் தெரியல மிஸ்." முதலில் பெரியவளுக்கு உள்ளே இனித்தது. மூன்றாவது தடவை "இப்ப தெரியுதா கண்ணா?" என்று சின்னவளின் குரல் உடைந்தபோது, அந்த இனிப்பு தொண்டையிலேயே நின்று கசந்தது. மடித்த துணியையே மறுபடி மடித்தாள்.

முடிந்ததும் சின்னவள் நேரே அவளிடம்தான் வந்தாள்.

"நாளைக்கு இன்னொரு தடவ எடுத்துக் காட்டச் சொல்லிருக்காங்க, போர்டோட." குரலைத் தாழ்த்தினாள். "அலமாரில இருக்கறத இவ்வளவு நேரமும் அணைச்சு வச்சிருந்தீங்கல்ல, தேங்க்ஸ்க்கா."

பெரியவளின் கை நின்றது. "எப்பலேந்து தெரியும்?"

"திங்கக்கிழமையே. போன்ல ஒரு ஆப் போட்டுப் பாத்தா ஒரே பேர்ல ரெண்டு பெட்டி காட்டுச்சு. உங்க அலமாரி பக்கம் வந்தா ஒண்ணோட சிக்னல் ஏறுது."

"அப்புறம் ஏன் வாயத் திறக்கல? பழிய ஏன் வாங்கிக்கிட்ட?"

"இந்த வீட்ல நெட்டுன்னா உங்களத்தான் கூப்பிடறாங்க. அது உங்களுக்குப் பிடிச்சிருக்கு. நான் எதுக்குக்கா நடுவுல?"

அடிப்பாவி! அவள் கட்டிக் காத்த இடத்தை, இவள் பார்த்துப் பார்த்து அவளுக்கே பிச்சை போட்டிருக்கிறாள். கெட்டிக்காரத்தனம் ஒன்றில்தான் தன்னை மிஞ்சினாள் என்று நினைத்திருந்தாளே, நல்ல மனசிலுமா? வெறுக்கக்கூட ஒரு பிடி கொடுக்காதவளை என்னதான் செய்வது? பெரியவளுக்கு அழுகை வந்தது. கோபத்தில்தான் வந்தது.

சமையலறையிலிருந்து மாமியார் வெளியே வந்தார். "நாளைக்கும் ஒரே மெஷினுல சமாளிம்மா. பெரியவ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

"சரியா இல்ல அத்தை." பெரியவள் எழுந்தாள். எழுந்த வேகத்தில் துணியெல்லாம் சரிந்தது. "அவ மெஷின் ஒண்ணுமே பண்ணல. கெடுத்தது நான். என் அலமாரிக்குள்ள பழைய பெட்டி ஒண்ண யாருக்கும் தெரியாம வச்சிருந்தேன். அதுதான். சோதிச்சப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சும் பொய் சொன்னேன்."

மாமனார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி, செஸ் பலகையைப் பார்ப்பதுபோல் இரண்டு மருமகள்களையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அது கெடக்கட்டும். இப்ப அத யாரு சரிபண்றது?"

பெரியவள் போய்ப் பெட்டியை எடுத்துவந்து சின்னவளின் கையில் வைத்தாள். "இவ பண்ணுவா. என்னைவிட இவளுக்கு நல்லாத் தெரியும்." அந்த இரண்டு வாக்கியங்களையும் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு வேர்த்துவிட்டது.

சின்னவள் அன்றைக்கே பெட்டியின் முகவரியை மாற்றினாள். அது தன் இஷ்டத்துக்கு மற்ற கம்ப்யூட்டர்களுக்கு முகவரி கொடுப்பதையும் நிறுத்திவிட்டு, திரும்ப அலமாரிக்குள்ளேயே வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் வகுப்பு இரண்டு மெஷினோடும் நடந்தது. வேலையும் கிடைத்தது. பெரியவள் நல்லபடியாக வாழ்த்தினாள். முகம் மட்டும் கொஞ்சம் சொன்னபடி கேட்கவில்லை.

அடுத்த வாரம் ஒரு காலை, பெரியவள் படம் அனுப்பிக்கொண்டிருந்தாள். ஹாலிலிருந்து சத்தம் வந்தது.

"சின்னவளே! போச்சு!"

பெரியவள் அதற்குள் எழுந்து கதவுவரை போயிருந்தாள். அங்கேயே நின்றாள். அந்தக் கோடியிலிருந்து சின்னவள் ஓடும் காலடிச் சத்தம் கேட்டது. திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். வயிறு எரிந்தது. திரையில் படம், நெட் நிற்பதற்கு முன்பே, இதுவரை இல்லாத வேகத்தில், ஒரே மூச்சில் போய்ச் சேர்ந்திருந்தது.