சாரலின் நிதானம்

மழை விட்டிருந்தது. செம்மண் வட்டத்தில் நூறு குளம்படிகள். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தண்ணீர். ஒவ்வொரு தண்ணீரிலும் கொஞ்சம் வானம்.

நடுவில் சாரல் நின்றிருந்தாள். செவலைக் குதிரை. நெற்றியில் விரல் நீளத்துக்கு வெள்ளை. நனைந்த முதுகிலிருந்து ஆவி எழுந்து, கணவாய்க் காற்றில் கலைந்துகொண்டிருந்தது.

அன்றைக்குத்தான் அவளைப் பழக்கத் தொடங்கினேன். ஆனி மாதம். என் தங்கை சுகந்தி சக்கர நாற்காலியில் வீடு வந்து பதினோரு நாள் ஆகியிருந்தது.

சாரல் பந்தயக் குதிரை. நான்கு வருடம் ஓடினாள். ஓடுவது ஒன்றைத்தான் அவளுக்குச் சொல்லித் தந்திருந்தார்கள். கடிவாளம் இறுகினால் ஓடு. முதுகில் இருப்பவர் முன்னால் சாய்ந்தால் ஓடு. சாட்டைச் சத்தம் கேட்டால், எதையும் பார்க்காதே, ஓடு.

முன்கால் நரம்பு வீங்கிய பிறகு யாருக்கும் அவள் வேண்டாதவளானாள். தூறலில் ஒருநாள் லாரியிலிருந்து எங்கள் மண்ணில் இறங்கினாள். சுகந்திதான் பெயர் வைத்தாள். சாரல்.

ஆனைமலை அடிவாரத்தில் நாங்கள் இருவரும் குதிரையேற்றப் பள்ளி நடத்தினோம். ஆறு குதிரைகள். அப்பா விட்டுப்போன தென்னந்தோப்பில் பாதியை வெட்டிச் செய்த மைதானம். நான் கோகிலா, மூத்தவள். தரையில் நின்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பேன். சுகந்தி என்னைவிட ஏழு வயது இளையவள். மேலே உட்கார்ந்து குதிரைகளுக்குச் சொல்லிக்கொடுப்பாள்.

என் குரல் பெரியது. அவள் கை மெல்லியது. அப்படித்தான் எங்கள் பள்ளி நடந்தது.

நடைக்கும் நாலுகால் பாய்ச்சலுக்கும் நடுவே ஓர் ஓட்டம் இருக்கிறது. ஒன்று, இரண்டு, மூன்று என்று மண்ணில் மூன்று அடி. பிறகு ஒரு கணம் நான்கு கால்களும் காற்றில். அந்த ஒரு கணம் மௌனம். கேன்டர் என்போம்.

அமைதியான குதிரையில் அது தூளியாட்டம். பயந்த குதிரையில் அந்த மௌனம் வருவதே இல்லை. மூன்றாம் அடி விழுவதற்குள் பாய்ச்சலாகிவிடும். பிறகு வேலி மட்டும்தான் அதை நிறுத்தும்.

விபத்து தை மாதத்தில் நடந்தது. வெயில் மஞ்சளாக, சாய்வாக, தென்னை நிழல்களை நீளநீளமாகப் போட்டிருந்த காலை.

மாசியில் பெங்களூரில் ஒரு குதிரையேற்றப் போட்டி. நான் சுகந்தியின் பெயரையும் சாரலின் பெயரையும் கேட்காமலே எழுதிக் கொடுத்திருந்தேன். வேண்டாத குதிரையை எங்கள் பள்ளி என்ன செய்து காட்டியது என்று நாலு பேர் பார்க்க வேண்டும். எனக்கு அந்த ஆசை.

"இன்னும் பத்து நாள் போகட்டுங்க்கா," என்றாள் சுகந்தி, சேணத்தின் மேலிருந்து. "கேன்டருன்னாலே உடம்பெல்லாம் நடுங்குது இதுக்கு."

"நீ பயந்தா அதுக்குத் தெரிஞ்சுபோகும். நிமிந்து உக்காரு."

"அக்கா, வேண்டாம்."

"கேன்டர்!" என்று கத்தினேன். கையில் நீளச் சாட்டை இருந்தது. குதிரைக்குப் பின்னால், தரையில், ஓங்கி அடித்தேன்.

அவ்வளவுதான். ஒரு சத்தம்.

சாரல் எங்கள் மைதானத்தில் இல்லை அப்போது. எங்கோ ஒரு பந்தயத்தில் இருந்தாள். எங்கள் வட்டம் அவளுக்குப் போதவில்லை. வேலியின் மூங்கில் உடைந்த சத்தமும், வேறொன்று உடைந்த சத்தமும் ஒன்றாகக் கேட்டன.

இடுப்புக்குக் கீழே இனி எதுவும் இல்லை என்றார் டாக்டர். நாசூக்காகத்தான் சொன்னார். எப்படி நடந்தது என்று கேட்டார்.

"குதிரை மிரண்டுடுச்சுங்க," என்றேன்.

நாச்சிமுத்து மாமா கேட்டார். குதிரை மிரண்டுடுச்சுங்க மாமா. பிள்ளைகளைப் பெற்றவர்கள் கேட்டார்கள். குதிரை மிரண்டுடுச்சு. பேருந்தில், மருந்துக் கடையில், கோயில் வாசலில். குதிரை மிரண்டுடுச்சு. குதிரை மிரண்டுடுச்சு. சொல்லச் சொல்ல எனக்கே அது நடந்ததுபோல் ஆகிவிட்டது.

சுகந்தி எதுவும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி ஜன்னலில் மாசி போனது, பங்குனி போனது, சித்திரை வெயில் சுவரில் ஏறி இறங்கியது. அவள் சொல்லவில்லை.

மாமா ஒருநாள் கட்டிலருகே நின்று, "அந்தச் சனியன அடிமாட்டுக்கு ஓட்டிவிட்டுரலாம் அம்மிணி," என்றார்.

அப்போதுதான் வாயைத் திறந்தாள். மாமாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"அத ஒண்ணும் பண்ணாதீங்க. அக்கா, நீ அதுக்குச் சொல்லிக் குடு. பயப்படாம ஓடச் சொல்லிக் குடு."

வீட்டுப் படியிலிருந்து வேலி வரை சிமெண்டுப் பாதை போட்டேன். காலையில் அவளை உருட்டிவந்து வேலியோரம் நிறுத்துவேன். மழை வந்தால் தலைக்குமேல் தகரக் கூரை. அவள் பார்ப்பாள்.

நான் சாரலுக்கு முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தேன். சேணமில்லாமல். நீளக் கயிற்றில் கட்டி, பெரிய வட்டமாக நடக்கவிட்டேன். நட. நில். நட. நில். மழை பெய்தது. நட. மழை விட்டது. நில்.

ஆடியில் சேணம் வைத்தேன். ஏறவில்லை. வெறும் சேணத்தோடு, கால் வைக்கும் அங்கவடிகள் விலாவில் தட்டத் தட்ட, அவள் சுற்றிவந்தாள். காது பின்னால் படுத்திருந்தது. நாலாம் நாள் மூக்கைச் சீறிவிட்டாள். ஒரு பெரிய மூச்சு. குதிரை அப்படி மூச்சுவிட்டால் மனசு கொஞ்சம் இளகுகிறது என்று அர்த்தம்.

ஆவணியில் ஏறினேன். பதினைந்து வருடத்துக்குப் பிறகு நான் ஒரு குதிரைமேல் உட்கார்ந்தேன். நடந்தாள். மெல்ல ஓடினாள். கையைத் தளர்த்தி, முதுகைச் சாய்க்காமல் உட்கார்ந்தேன். எல்லாம் நன்றாகவே நடந்தது.

கேன்டர் மட்டும் இல்லை. அந்தச் சொல்லை நான் எடுத்தாலே போதும். முதல் எழுத்து வாயில் வரும்போதே அவள் தோல் சிலிர்க்கும். கழுத்து மரமாகும். சாட்டையை நான் எப்போதோ பரணில் எறிந்துவிட்டேன். என் குரலே அவளுக்குச் சாட்டையாக இருந்தது.

புரட்டாசியில் ஒரு காலை. வானம் சாம்பல். காற்றே இல்லை. இன்றைக்கு எப்படியும், என்று நினைத்தேன்.

வட்டத்தின் வளைவில் குதிகாலால் மெல்லத் தொட்டு, "கேன்டர்," என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன்.

பாய்ந்தாள். ஒன்று, இரண்டு. மூன்றாவது வரவில்லை. காதில் காற்று. கண்ணில் வேலி. கயிறுபோல் இறுகிய கழுத்து. அந்த நிமிடம்தான் அன்றைக்கு இதே முதுகில் இருந்த என் தங்கை என்ன பார்த்தாள் என்று நான் பார்த்தேன்.

எப்படியோ வட்டத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றி, சிறிதாக்கிச் சிறிதாக்கி, நிறுத்தினேன். நிறுத்தினேனா, அவளே களைத்து நின்றாளா, தெரியாது. இறங்கி மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் சுகந்தி. சக்கரங்களை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"மூச்சு விடாம உக்காந்திருக்கறே அக்கா," என்றாள். "கேன்டருன்னு சொல்றதுக்கு முன்னாடியே உனக்கு மூச்சு நின்னு போகுது. சாரலுக்கு அது கேக்குது. எதுக்கு இத்தன பயம் உனக்கு?"

மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அன்னிக்கு அது தானா மிரளலடி. நாந்தான் சாட்டைய ஓங்கி அடிச்சேன்."

எங்கோ ஒரு செம்போத்து கூவியது. நிறுத்தியது. மறுபடி கூவியது.

"தெரியும்," என்றாள் சுகந்தி. "என் முதுகுக்குப் பின்னாலதான கேட்டுச்சு."

"ஏன்டி சொல்லல?"

"நீ சொல்லுவேன்னு இருந்தேன்." அவள் குரல் உயரவே இல்லை. "எட்டு மாசம். டாக்டர் கேட்டப்ப பாத்தேன். மாமா கேட்டப்ப பாத்தேன். என்னக் குளிப்பாட்டறப்ப, நெகம் வெட்டறப்ப, இன்னிக்கு நீ சொல்லுவேன்னு பாத்தேன். வாயில்லாச் சீவன் மேல பழியப் போட்டுட்டு நீ சோறு தின்னுட்டிருந்தே."

எழுந்து அவளிடம் போனேன். வேலியைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன மன்னிச்சிருடி."

அவள் சாரலைப் பார்த்தாள்.

"முடியலக்கா. பொய் சொல்லக் கூடாதில்ல. இன்னும் கோவமாத்தான் இருக்குது. பல நாள் காலைல கண்ண முழிச்சதும் முதல்ல வர்றது கோவந்தான். ஆனா சாரல் மேல எனக்கு எப்பவும் கோவமில்ல. அத மட்டும் எல்லார்கிட்டயும் சொல்லிரு."

சொன்னேன். மாமா வீட்டுக்கு நடந்தே போய்ச் சொன்னேன். அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். விரித்தார். மறுபடி மடித்தார்.

"அதச் சொல்லி இப்ப என்ன அம்மிணி ஆகப்போகுது?" என்றார்.

"ஒண்ணும் ஆகாதுங்க மாமா. குதிரை மேல தப்பில்லீங்க. அதுக்குத்தான் வந்தேன்."

பிள்ளைகளைப் பெற்றவர்களிடமும் சொன்னேன். சிலர் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். மூன்று பேர் தங்கள் பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்தினார்கள். அவர்கள் செய்தது சரி.

சுகந்தி இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. தட்டை மடியில் வைத்துவிட்டுப் போகச் சொல்லிக் கையைக் காட்டினாள். தலையைத் தானே வாரிக்கொண்டாள். பின்பக்கம் சிக்கு அப்படியே இருந்தது.

மூன்றாம் நாள் காலை. நான் சேணத்தின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தேன். சிமெண்டுப் பாதையில் சக்கரச் சத்தம். தானே உருட்டிக்கொண்டு வந்தாள். மூச்சு வாங்கியது.

"நீ வாயே தொறக்காதே," என்றாள். "ஏறு. மூச்ச மட்டும் விடு. சொல்றது நான் சொல்றேன்."

மறுநாளே எல்லாம் சரியாகிவிடவில்லை. ஐப்பசி முழுக்க மழை. வட்டம் சேறானது. தகரக் கூரையின் கீழ் அவளும், கூரையில்லாமல் நாங்கள் இருவரும்.

சுகந்தி புதிதாக ஒரு சத்தம் கண்டுபிடித்தாள். சொல்லே கிடையாது. மூடிய உதட்டுக்குள் ஒரு முனகல். தூங்கப் போகும் பிள்ளைக்குப் போடுவதுபோல். ஏறி இறங்கும் ஒரு ம்ம்ம். சாரலின் காது அந்தப் பக்கம் திரும்பும். எனக்குத் திரும்பாத காது.

ம்ம்ம். நான் மூச்சைவிட்டேன். இரண்டு அடி கேன்டர், உடனே நடை. கழுத்தில் தட்டிக்கொடுத்தேன். ம்ம்ம். மூன்று அடி, நடை. சிலநாள் எதுவுமே இல்லை. சிலநாள் பழைய பயம் திரும்பிவந்து அவள் தோளை உலுக்கியது. அந்த நாட்களில் சுகந்தி, "போதும், அத உட்டுரு," என்பாள். முதல் தடவையாக நான் அவள் சொன்னதைக் கேட்டேன். போதும் என்றால் போதும்.

கார்த்திகையில் ஐந்து அடி. பத்து அடி. அரை வட்டம்.

மார்கழி பிறந்து சில நாள். மழை போய்விட்டிருந்தது. பனி தென்னை மட்டைகளிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. வெயில் மலைக்குப் பின்னாலிருந்து இன்னும் வரவில்லை. வருகிறேன் என்று மட்டும் சொல்லியிருந்தது.

வளைவுக்கு வந்தோம். ம்ம்ம், என்றாள் சுகந்தி.

சாரல் எழும்பினாள். ஒன்று. இரண்டு. மூன்று.

பிறகு அந்த மௌனம்.

அது வந்தது. நான்கு கால்களும் காற்றில். என் கையில் கடிவாளம் நூலைப்போல் லேசாக. மறுபடி ஒன்று, இரண்டு, மூன்று. கழுத்து நீண்டு தாழ்ந்தது. மூக்கைச் சீறினாள். வேலி வந்தது, போனது. தென்னைகள் வந்தன, போயின. யாரும் அவளைத் துரத்தவில்லை. அது அவளுக்குத் தெரிந்திருந்தது.

ஒரு முழு வட்டம். இந்தத் தூளியாட்டம் எனக்குரியதில்லை. இங்கே உட்கார்ந்திருக்க வேண்டியவள் அங்கே உட்கார்ந்திருக்கிறாள்.

இரண்டாம் சுற்றில் அவளைப் பார்த்தேன். முனகலை நிறுத்தியிருந்தாள். கண்ணை மூடியிருந்தாள். முதுகு நிமிர்ந்திருந்தது. தோள்கள் மெல்ல முன்னும் பின்னும் அசைந்துகொண்டிருந்தன, சாரலின் ஓட்டத்துக்குச் சரியாக.

கைகள் மடியில். விரல்கள் தொடையின்மேல் தாளம் போட்டன. ஒன்று, இரண்டு, மூன்று. விரல்களுக்குத் தெரிந்தது. தொடைக்குத் தெரியவில்லை.

நான் கடிவாளத்தைச் சற்றே சேர்த்துப் பிடித்தேன். அவள் கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"நிறுத்தாதே அக்கா."

நிறுத்தவில்லை.