விளக்குக்காரி புருஷன்

யானை வந்தால் விளக்கு எரிய வேண்டும், வராவிட்டால் எரியக் கூடாது. இவ்வளவுதான் வேலை. பாலத்துக்குப் போகும் சாலையோரம் வனத்துறை உயரமான ஒரு கம்பம் நட்டு, உச்சியில் சிவப்பு விளக்கு மாட்டி, அதன் பொறுப்பை ஊர்த் தையல்காரி ஒருத்தியிடம் கொடுத்திருந்தது. விளக்குக்கென்று தனி செல்போன் எண் உண்டு. வனக் காவலர் போனில் தகவல் சொன்னதும் அவள் அதற்கு மிஸ்டு கால் கொடுத்தால் எரியும், இன்னொன்று கொடுத்தால் அணையும். எரியும்போது யாரும் கம்பத்தைத் தாண்டக் கூடாது. விளக்கு வந்த பிறகு ஊரில் யானை மிதித்து ஒரு சாவு இல்லை. யானை மேலும் யாரும் தீப்பந்தம் எறியவில்லை.

எல்லாம் சரி, ஆனால் பாலத்துக்கு அந்தப் பக்கம் சாராயக்கடை இருந்தது. தையல்காரிக்கு வெல்டர் என்று ஒரு புருஷனும் இருந்தான்.

சாயங்காலம் அவன் சட்டையை மாட்டும்போதே அவளுக்கு வயிறு எரியும். சொல்லிப் பார்த்தாள், அழுது பார்த்தாள். ஒருநாள் பொறுக்க முடியாமல் யானையே இல்லாமல் விளக்கை எரியவிட்டாள். கம்பம் வரை போனவன் முணுமுணுத்துக்கொண்டே திரும்பி வந்து, சாப்பிட்டுப் படுத்துவிட்டான். ருசி கண்ட பூனை சும்மா இருக்குமா? அடுத்த வாரமும் விளக்கு எரிந்தது.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்குத்தானே. யானைகளின் பின்னாலேயே அலைகிற காவலர் பேச்சுவாக்கில் வெல்டரிடம், "ரெண்டு வாரமா ஒண்ணுகூட மலையை விட்டு இறங்கல" என்றார். வெல்டருக்குப் புரிந்துவிட்டது. பெண்டாட்டியை அவன் காட்டிக்கொடுக்கவில்லை. எரிகிற விளக்கைச் சீட்டியடித்துக்கொண்டு தாண்டிப் போனான், அவ்வளவுதான். ஊர்க்காரர்கள் மட்டும் இளைத்தவர்களா? விளக்குக்காரி புருஷனே போகிறான் என்றால் வழி சுத்தம் என்று கணக்குப் போட்டு, அவர்களும் பின்னாலேயே நடக்க ஆரம்பித்தார்கள்.

அன்று பொழுது சாய்கிற நேரத்தில் காவலர் தையல்காரியைப் போனில் கூப்பிட்டார்.

"பாலத்துக்கு இந்தப் பக்கம், மூங்கில் புதர்ல ஒத்தை ஆண் யானை நிக்குதும்மா. கோவமா இருக்கு. சீக்கிரம் போடுங்க!"

விளக்கைப் போட்டுவிட்டு மாடிக்கு ஓடினாள். கம்பத்தடியில் வெல்டர் நின்றிருந்தான். நிமிர்ந்து விளக்கைப் பார்த்தான். வீட்டுப் பக்கம் திரும்பிக் கையை ஆட்டினான். தாண்டிவிட்டான். மில்லில் வேலை முடிந்து வந்த ஏழெட்டுப் பேர் அவன் பின்னாலேயே தாண்டினார்கள். அதில் ஒருத்தி இடுப்பில் குழந்தை. தையல்காரி அவனுக்குப் போன் அடித்தாள்.

"என்னங்க, நில்லுங்க! புதர்ல யானை நிக்குது!"

"எந்த யானை? போன வாரம் வந்துச்சே, அதுவா?"

"சத்தியமாங்க. இன்னைக்கு நிஜம்!"

"சத்தியத்தை ஏன்டி இழுக்கற? ஒரே ஒரு கிளாஸ், வந்துடறேன்." சிரித்துக்கொண்டே வைத்துவிட்டான். மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. கத்தினால் கேட்கிற தூரமும் இல்லை. புதருக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான் இருந்தது.

கீழே இறங்கி ஓடினாள். அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த மாமியாரின் பக்கத்திலிருந்து அவர் போனைப் பிடுங்கினாள். அம்மா நம்பரைப் பார்த்ததும் அவன் எடுத்துவிட்டான்.

"அத்தை விழுந்துட்டாங்க. பேச்சு மூச்சில்ல. ஓடியாங்க!"

மாமியார் வாயைப் பிளந்தார். தையல்காரி மறுபடி மாடிக்கு ஏறினாள். வெல்டர் திரும்பித் தலைதெறிக்க ஓடி வந்துகொண்டிருந்தான். விளக்கை நம்பாத கூட்டம் அவன் ஓட்டத்தை நம்பியது. ஏன் எதற்கு என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை, அத்தனை பேரும் திரும்பி ஓடினார்கள். கடைசி ஆள் கம்பத்தைக் கடக்கும்போது மூங்கில் முறிந்தது. யானை சாலையில் ஏறி, யாரோ போட்டுவிட்டு ஓடிய சோற்றுத் தூக்கை மிதித்து நசுக்கியது. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அம்மா!" என்று அலறிக்கொண்டு வெல்டர் உள்ளே வந்தான்.

"எனக்கென்னடா?" என்றார் மாமியார், அரிவாள்மணையை விட்டு எழாமலே.

மாடியிலிருந்து இறங்கி வந்த பெண்டாட்டி பக்கம் அவன் திரும்பினான். கை ஓங்கியே விட்டது. அப்போது சாலைப் பக்கமிருந்து பிளிறல் வந்தது, ஜன்னல் கண்ணாடி அதிர. கை தானாக இறங்கியது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"நிஜமாவே இருந்துச்சா?"

"இருந்துச்சு."

சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"யானைன்னு நிஜத்தைச் சொன்ன, சிரிச்சேன். அம்மான்னு பொய்யைச் சொன்ன, உசிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடியாந்தேன்." "நாளைக்கு அம்மாவுக்கு நிஜமாவே ஏதாவது ஆகி நீ கூப்பிட்டா, நான் வருவேனாடி?"

மாமியார் மெல்ல எழுந்து வந்து, மருமகள் கையிலிருந்த தன் போனை வாங்கி மடியில் செருகிக்கொண்டார்.