இரண்டு தட்டு

எங்கள் டிப்போவில் பேருந்துகள் சுவரைப் பார்த்து நிற்கும். காலையில் ஒவ்வொன்றையும் ரிவர்ஸ் எடுத்துத்தான் வெளியே கொண்டு வர வேண்டும். பின்னால் ஒருவர் நின்று வண்டியின் தகரத்தில் இரண்டு தட்டு தட்டினால் வரலாம். ஒரே தட்டு என்றால் நிற்க வேண்டும். யார் வண்டி என்று பார்ப்பதில்லை, பக்கத்தில் இருப்பவர் போய்த் தட்டுவார். முந்தின நாள் சண்டை போட்டவன்கூடத் தட்டி முடித்துவிட்டுத்தான் முறைப்பான். ஒரே ஒரு டிரைவருக்கு மட்டும் யாரும் தட்டியதில்லை. அது என் தங்கை.

டிப்போவின் முதல் பெண் டிரைவர் அவள். நான் அங்கேயே கேன்டீன் நடத்துகிறேன், வாய் நீளம் என்று பெயர் எடுத்தவள். அவள் சேர்ந்த அன்றே மேலாளர் எல்லாரையும் கூப்பிட்டு, சமம் கேட்டு வந்தவள் தனியாகவே எடுக்கட்டும், எவனும் தட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். அவருக்கு டிப்போ வைத்த பெயர் சைரன். அவர் வாயைத் திறந்தால் கேட்டுக்கு வெளியே படுத்திருக்கும் நாய் எழுந்து இடம் மாறும்.

அவள் பாவம், இறங்கிப் பின்னால் பார்ப்பாள், ஏறிக் கொஞ்சம் எடுப்பாள், மறுபடி இறங்குவாள். சைரன் டீயும் கையுமாக நின்று வேடிக்கை பார்ப்பார். ஆபீசுக்கு வந்த விருந்தாளிகளையும் அழைத்துவந்து காட்டுவார். 'இறங்கி ஏறி' என்று அவளுக்குப் பட்டப்பெயர் வைத்ததும் அவர்தான். எல்லாரிலும் மூத்த டிரைவரான மீசைக்காரர்தான் அதற்கு அதிகமாகச் சிரித்தவர்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் கரண்டியோடு சைரனிடம் கிளம்பியே விட்டேன். தங்கை வழியை மறித்தாள். தகுதிகாண் காலம் முடியும்போது சைரன் நல்லபடியாக எழுதினால்தான் அவள் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வீட்டுக்குத்தான். தன் வண்டியைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி என் கரண்டியைப் பிடுங்கிக்கொண்டாள்.

போகப் போகச் சிரிப்பு குறைந்தது. இந்தக் காலத்தில் இப்படியா என்று இளைய டிரைவர்கள் கேன்டீனில் முணுமுணுத்தார்கள். சைரன் வந்தால் மட்டும் டீயில் எதையோ தேடுவார்கள். ஒருநாள் மீசைக்காரர் பாதி டீயோடு உட்கார்ந்திருந்தார். புதிதாக வேலைக்குப் போன அவர் மகளை அவளுடைய அதிகாரி எல்லார் முன்னாலும் நிற்க வைத்து, அவள் பேசுகிற மாதிரியே பேசிக் காட்டுகிறானாம். அழுதுகொண்டே வீட்டுக்கு வந்தாளாம். அந்த ஆளைச் சும்மா விடக் கூடாது என்று கொதித்தார்.

"அவ்வளவு தூரம் எதுக்கு அண்ணே, இங்கயே ஒருத்தர் இருக்காரே" என்றேன்.

அவர் மீதி டீயைக் கொட்டினார். கிளாஸைத் தானே கழுவி வைத்துவிட்டுப் போனார்.

தகுதிகாண் காலத்தின் கடைசி நாள் காலை. எல்லா என்ஜின்களும் ஓடிக்கொண்டிருந்தன. சைரன் தங்கையின் ஜன்னலுக்குக் கீழே நின்றார். இன்றைக்கு இறங்கக் கூடாது, ஒரே மூச்சில் எடுக்க வேண்டும், முடியாவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்றார். வண்டிக்குப் பின்னால் துப்புரவுக்காரர்கள் வாளியோடு குறுக்கும் நெடுக்கும் போய்க்கொண்டிருந்தார்கள்.

தங்கை என்ஜினை அணைத்தாள்.

"பின்னாடி ஆள் நிக்காம எடுக்க மாட்டேன் சார். யார் மேலயாவது ஏத்தித்தான் இந்த வேலை கிடைக்கணும்னா, எனக்கு வேண்டாம்."

சைரன் சாவிக்குக் கையை நீட்டினார். அவள் உருவி எடுத்தாள். எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

அப்போது பக்கத்து வண்டியின் என்ஜின் நின்றது. ஜன்னலில் மீசை தெரிந்தது.

"எனக்கும் யாரும் தட்ட வேண்டாம் சார். அந்தப் பொண்ணுக்கு இல்லாதது எனக்கு எதுக்கு? தட்டாம நானும் எடுக்க மாட்டேன்."

அதற்கடுத்த வண்டி நின்றது. அதற்கடுத்ததும். அந்த டிப்போ காலையில் அமைதியாக இருந்து நான் பார்த்ததே இல்லை. என் அடுப்பில் பால் பொங்குகிற சத்தம் எனக்கே கேட்டது.

ஆபீசில் போன் அடிக்க ஆரம்பித்தது. பேருந்து எங்கே என்று ஊரே கேட்டிருக்கும். சைரன் ஒரு துப்புரவுக்காரரைத் தட்டச் சொன்னார். அவர் ஏற்கெனவே துடைத்த கண்ணாடியை ரொம்பக் கவனமாகத் துடைத்தார். சைரன் என்னைப் பார்த்தார். எனக்குப் பால் வேலை இருந்தது. போன் நிற்கவே இல்லை. கடைசியில் இஸ்திரி கலையாத சட்டையோடு அவரே பின்னால் போனார். தங்கை என்ஜினைப் போட்டாள். தூசி படிந்த தகரத்தில் அவர் இரண்டு தட்டு தட்டினார்.

வண்டி அசையவில்லை. தங்கை தலையை வெளியே நீட்டினாள்.

"கேக்கல சார்."

மறுபடி தட்டினார், கூரை அதிர. வண்டி ஒரே மூச்சில் நேராகப் பின்னால் வந்து, திரும்பி, கேட்டைத் தாண்டிப் போனது. பெருமையில் எனக்குக் கண் நிறைந்தது. அவள் என் தங்கை என்று கத்தினேன். அங்கே அது எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தான், இருந்தாலும் கத்தினேன்.

அவளுக்கு ஓட்டத் தெரியவில்லை என்று சைரன் இனி எந்தக் கையால் எழுதுவார், தட்டின கையாலா? அந்த வாரமே வேலை நிரந்தரமானது.

வண்டி எடுத்த அன்றைக்கு மதியம் அவள் டீ குடிக்க வந்தபோது, முதலில் நிஜமாகவே கேட்கவில்லையா என்று விசாரித்தேன். அவள் டீயை ஊதினாள்.

"முதல் தட்டே நல்லாக் கேட்டுச்சு அக்கா."