மாப்பிள்ளை சரிசெய்த லைன்

பம்புக்கு உதிரி பாகம் விற்கிற அந்தக் கம்பெனியில் நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்வது முதலாளியின் மருமகள். முதலாளியின் மகளைக் கட்டிய மாப்பிள்ளைக்கு இன்ன வேலை என்று கிடையாது. மாப்பிள்ளையாக இருப்பதே வேலை. முறுக்கோடு அதைக் குறைவில்லாமல் செய்துவந்தார்.

இன்டர்நெட் ஆமையாக நகர்கிறது என்று ஆபீஸே புலம்பியதால், மருமகள் ஒரு பெட்டியைச் சோதனைக்கு வரவழைத்தாள். வெப் கேஷ் என்பார்கள். விற்பனைப் பிரிவில் எல்லோரும் நாள் முழுக்கத் திறப்பது பம்பு தயாரிப்பாளரின் தளத்திலுள்ள அதே பாகப் படங்களைத்தான். ஒவ்வொன்றும் யானை கனம். யாராவது முதலில் ஒரு படத்தைத் திறந்தால் பெட்டி அதை நகலெடுத்து வைத்துக்கொள்ளும். அடுத்தவர் கேட்டால் வெளியே ஓடாமல் கையிலிருப்பதைக் கொடுத்துவிடும். பெட்டி வந்த மறுநாளே விற்பனைப் பிரிவில் கொட்டாவிகள் நின்றுவிட்டன.

அதே நாளில்தான் மாப்பிள்ளை மாடிக்குப் போய், லைன் ஒயரை இரண்டு தட்டு தட்டி, கறுப்பு டேப் சுற்றிவிட்டு இறங்கி வந்தார். வேகமெல்லாம் தன் கைராசி என்று அவர் நம்பினார். முதலாளியும் நம்பினார். மாப்பிள்ளை பேச்சை மறுத்து மகள் வீட்டில் பூகம்பத்தை வரவழைக்க அவருக்கு என்ன தலையெழுத்தா?

லைனைச் சோதிக்க முதலாளிக்கு ஒரே வழிதான் தெரியும். வந்ததும் மோனோபிளாக் பம்பின் படத்தைத் திறப்பார். பட்டென்று விரிந்தால் லைன் சௌக்கியம். தினமும் அதே படம். பெட்டிக்கு அது தலைகீழ்ப் பாடம்.

ஒரு காலை, மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருக்க, மருமகளைத் தன் அறைக்கு அழைத்தார்.

"லைன்தான் ஜோரா ஓடுதேம்மா. அந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்பிடு. இனிமே நெட்வொர்க் ரூமை மாப்பிள்ளை பார்த்துக்கட்டும். நீ வாசல்ல உட்கார்ந்து போன் எடு."

அந்தச் சின்ன நெட்வொர்க் ரூமில் சிக்கலாய்க் கிடந்த ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிரித்து ஒழுங்குபடுத்தியவள் மருமகள். படித்த படிப்பையெல்லாம் ஒரு ஹலோவில் கரைக்கச் சொன்னால் யாருக்குத்தான் எரியாது? ஆனால் சத்தம் போட்டால் வாய் நீளம் என்று பேர் வரும். அவள் அடுத்திருந்த அந்த ரூமுக்குப் போனாள். பெட்டிக்கும் வெளி லைனுக்கும் நடுவே இருந்த ஒயரைப் பிடுங்கிக் கையோடு எடுத்து வந்தாள்.

"கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு தடவை படத்தைத் திறந்து பாருங்க மாமா."

படம் பட்டென்று விரிந்தது.

"நான் சுத்தின சுத்து அப்படி," என்றார் மாப்பிள்ளை.

மருமகள் ஒயரை மேஜைமேல் வைத்தாள். "இது நம்ம லைன் ஒயர் மாமா. இப்ப இந்த ஆபீஸுக்கும் வெளியுலகத்துக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல."

முதலாளி ஒயரைப் பார்த்தார், திரையைப் பார்த்தார். இன்னொரு படத்தைத் திறந்தார். வந்தது. இன்னொன்று. அதுவும் வந்தது. கடைசியில் யாரும் சீந்தாத ஏதோ ஒரு பம்பைத் தேடிப் பிடித்து அழுத்தினார். திரை வெள்ளையாக நின்றது.

"அதை இங்க யாரும் இதுவரைக்கும் கேட்டதில்ல. பெட்டிகிட்ட நகல் கிடையாது. அதுக்கு லைன் வேணும்," என்று சொல்லிவிட்டுப் போய் ஒயரைச் சொருகினாள்.

படம் மேலிருந்து இஞ்ச் இஞ்சாக இறங்க ஆரம்பித்தது. மூடி வந்தது. கழுத்து வந்தது. இடுப்பு வருவதற்குள் முதலாளி தண்ணீர் குடித்து, கண்ணாடியைத் துடைத்து, மறுபடியும் தண்ணீர் குடித்தார்.

"அண்ணன் டேப் சுத்தின லைனோட வேகம் இதுதான் மாமா."

மாப்பிள்ளைக்கு வெளியே ஓர் அவசர வேலை ஞாபகம் வந்துவிட்டது. போகும்போது கதவை மெதுவாகச் சாத்தினார்.

முதலாளி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "ஆமா, இந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்பணும்னு யாரு சொன்னது?" என்று சுவரைப் பார்த்து அதட்டினார்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள், நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்கதான் மாமா."

முதலாளிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"சரி, சொன்னவனே இப்ப சொல்றேன். பெட்டி இங்கயே இருக்கட்டும். நீயும் அந்த ரூம்லயே இரு. என் பொண்ணு கேட்டா மட்டும், லைனைச் சரி பண்ணது மாப்பிள்ளைதான்."